நூறு ரூபாய்த் தண்டமும் ஆயுள்கால அவமானமும்

கேள்வி:

நான் அட்டாளைச்சேனையில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. என்னிடம் படித்த ஒரு பிள்ளையைப் பற்றியே எழுதுகிறேன். புருஷன் விட்டுப்போய் நாலு வருடம். நுண்கடன் எடுத்த இடத்தில் வட்டி ஏறிக்கொண்டே போனது. கொழும்பில் கார்மென்ட் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவள், ஒரு மசாஜ் நிலையத்தைப் பொலிஸ் சுற்றிவளைத்தபோது பிடிபட்டாள். யாரோ எடுத்த படம் பேஸ்புக்கில் வந்து, ஊரில் உள்ள எல்லாக் கைபேசிக்கும் போய்விட்டது. இப்போது உம்மா வீட்டில் இருக்கிறாள். கலியாண வீட்டில் அவளோடு ஒரு சஹனில் சேர்ந்து சாப்பிட உட்கார ஆளில்லை. அவளுடைய மகளை மத்ரஸாவில் பிள்ளைகள் பட்டம் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

ஒலுவில் கெம்பஸில் படிக்கும் என் மகன், "இதைச் சட்டபூர்வமாக்கினால்தான் உம்மா, கொடுமையும் குறையும், அவமானமும் குறையும். வெளிநாடுகளில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்" என்கிறான். ஹராமான ஒன்றை அரசாங்கம் சரி என்றால் அது சரியாகிவிடுமா என்று நான் கேட்கிறேன். இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சுத்தான். அவன் சொல்வது உண்மையா? அந்தப் பிள்ளைக்கு நான் செய்யக்கூடியது ஏதும் உண்டா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, அட்டாளைச்சேனை
(அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பதில்:

டீச்சர், முதலில் உங்களுக்கு நன்றி. ஊர் முழுக்க அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசியிருக்கும். அவளுக்காக உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதியவர் நீங்கள்.

கேள்விக்கு நேரடியாகவே வருகிறேன். பெண்ணைத் தண்டிக்கும் சட்டத்தை எடுத்துவிட்டால் கொடுமை குறையும். அதை நம்புவதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. விடுதிக்காரர்களுக்கு உரிமம் கொடுத்து, பெண்களைப் பதிவேட்டில் ஏற்றி நடத்தவிட்டால் கொடுமை குறையும் என்று என்னால் சொல்ல முடியாது. எதிராகச் சொல்லும் உதாரணங்களே அதிகம். அவமானம் மட்டும் எந்தச் சட்டத்துக்கும் முழுதாகக் கட்டுப்படுவதில்லை. அதன் சாவி நீதிமன்றத்தில் இல்லை, நம் வாசற்படிகளில் இருக்கிறது.

உங்கள் மகன் சொல்லும் "சட்டபூர்வம்" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வழிகள் கலந்து கிடக்கின்றன. அரசு உரிமம் கொடுத்து மேற்பார்வை செய்வது ஒரு வழி. ஜெர்மனியும் பங்களாதேஷும் அந்தப் பக்கம் போயின. பெண் மீதான தண்டனையை எடுத்துவிட்டு, வற்புறுத்துபவனையும் கடத்துபவனையும் தண்டிப்பது இரண்டாவது. நியூசிலாந்து அதைச் செய்தது. பெண்ணை விட்டுவிட்டு, காசு கொடுத்து வாங்குகிற ஆணைத் தண்டிப்பது மூன்றாவது. 1999இல் சுவீடன் தொடங்கியது, 2016இல் பிரான்ஸ் பின்பற்றியது. மூன்றையும் ஒரே பெயரால் அழைத்துக்கொண்டு விவாதித்தால் உம்மாவும் மகனும் ஒருவரை ஒருவர் தாண்டித்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

இனி நம் நாட்டுச் சட்டம். பலருக்குத் தெரியாத ஒன்று: இலங்கையில் வயதுவந்த ஒருவர் காசுக்காக உடலுறவு கொள்வதை மட்டும் வைத்து அதைக் குற்றம் என்று சொல்லும் சட்டப்பிரிவு கிடையாது. அதைச் சூழ்ந்திருப்பவைதான் குற்றங்கள். 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், பொது இடத்தில் ஆள் அழைப்பதைக் குற்றமாக்குகிறது. அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது நூறு ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். தெருவில் "ஒழுங்கீனமாக" நடந்துகொள்ளும் விலைமாதருக்கு அதே சட்டத்தின் வேறொரு பிரிவில் பதினான்கு நாள் சிறை அல்லது பத்து ரூபாய். தொகையைப் பார்த்தாலே சட்டத்தின் வயது தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில், கூலிக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில், வேலையின்றித் தெருவில் நிற்பவனையும் பிச்சைக்காரனையும் இந்தப் பெண்களையும் ஒரே கூடைக்குள் போட்டு எழுதிய சட்டம் அது. 1889ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விபச்சார விடுதிகள் கட்டளைச் சட்டம், விடுதி நடத்துவதையும் அதற்குத் துணைநிற்பதையும் குற்றமாக்குகிறது. மசாஜ் நிலையங்களில் பிடிபடும் பெண்கள் மீது இந்தத் "துணைநின்ற" குற்றச்சாட்டையே பெரும்பாலும் போடுகிறார்கள். 1907ஆம் ஆண்டின் தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு பெண்ணைக் கங்கொடவிலவில் உள்ள மெத்செவண இல்லத்துக்கு அனுப்பவும் நீதவானால் முடியும்.

ஆக, செயல் குற்றமில்லை, ஆனால் செய்பவள் குற்றவாளி. இந்த முடிச்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் கண்ணால் கண்ட ஒரு காலைப்பொழுதை வைத்துச் சொல்கிறேன்.

கொழும்புப் பக்கத்து நீதவான் நீதிமன்றம் ஒன்று. வேறொரு வழக்குக்காகச் சட்டத்தரணியாகப் போயிருந்தேன். முதல்நாள் இரவு பிடித்த ஐந்து பெண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவதாக நின்றவள் நம் பக்கத்துப் பிள்ளை என்பது பேச்சில் தெரிந்தது. கையில் ஒரு சிலிசிலி பேக், அதற்குள் சீப்பும் துவாயும். பொலிஸ் அனுப்பிய ஆள் வாடிக்கையாளர் போல உள்ளே போய், இலக்கம் குறித்துவைத்த நோட்டைக் கொடுத்திருக்கிறான். அந்த நோட்டின் இலக்கத்தைச் சிங்களத்தில் வாசித்தார்கள். அவளுக்குச் சிங்களம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஆனாலும் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தின் கீழே அவளுடைய கையெழுத்து இருந்தது. "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்டார்கள். நான் பக்கத்தில் போய், "சுற்றவாளி என்று சொல்லுங்கள், நான் பேசுகிறேன்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னாள்: "அப்படிச் சொன்னா இன்னொரு தவணைக்கு வரணும் மிஸ். மூணு தவணைக்கு வந்தா ஊருக்குத் தெரிஞ்சிடும். இப்பவே கட்டிட்டுப் போறன்."

குற்றவாளி என்று சொன்னாள். தண்டம் கட்டினாள். பாலியல் நோய்ப் பரிசோதனைக்குப் போகச் சொல்லி ஒரு கடிதமும் கொடுத்தார்கள். அந்த இடத்துக்கு வந்துபோன ஆண்களில் ஒருவருக்கும் அப்படியொரு கடிதம் இல்லை. கூண்டில் அவர்களில் ஒருவரும் இல்லை.

டீச்சர், சட்டம் அவளிடம் வாங்கியது சொற்பத் தொகை. அந்த ஒரு சொல்லுக்காக அவள் இனி வாழ்நாளெல்லாம் கட்டப்போவதுதான் பெரிய தொகை. கொடுமை பிறப்பதும் இங்கேதான். நாளைக்கு ஒருவன் அவளை அடித்தால் பொலிஸுக்குப் போவாளா? காசைப் பறித்தால்? ஆணுறையைப் பையில் வைத்திருந்தால் அதையே சாட்சியாகக் காட்டுவார்கள் என்ற பயத்தில் அதையும் விட்டுவிட்டுப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். நம் தண்டனைச் சட்டக்கோவையில் வல்லுறவுக்கான பிரிவு 1995இல் திருத்தப்பட்டபோது, உடலில் காயம் இருந்துதான் சம்மதமின்மையை நிரூபிக்க வேண்டும் என்பதில்லை என்று தெளிவாக எழுதினார்கள். விலைமாதுக்கும் அந்தப் பாதுகாப்பு முழுதாக உண்டு. எழுத்தில் இருப்பதைக் கேட்டுப் பெற அவள் பொலிஸ் நிலையத்தின் படியேற வேண்டும். படியேறினால் தன் மீதே வழக்கு வரும் என்று பயப்படுகிறவள் ஏறமாட்டாள். இது முதலில் தெரிவது அவளை அடிப்பவனுக்குத்தான்.

அலைந்து திரிவோர் சட்டத்தை நீக்கச் சொல்லி ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் குழு 2017இல் இலங்கைக்குப் பரிந்துரைத்தது. அபிமானி போன்ற, இந்தத் தொழிலில் உள்ள பெண்களே சேர்ந்து நடத்தும் அமைப்புகளும் அதையே கேட்கின்றன.

இனி மகன் சொன்ன வெளிநாடுகள்.

நியூசிலாந்து நாடாளுமன்றம் 2003 ஜூன் 25இல் விபச்சாரச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆதரவு 60, எதிர்ப்பு 59. ஒருவர் வாக்களிக்கவில்லை. அந்த ஒருவர் அஷ்ரப் சௌத்ரி, பாகிஸ்தானில் பிறந்தவர், அந்த நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினர். அவர் எதிர்த்து வாக்களித்திருந்தால் இரு பக்கமும் சமமாகி மசோதா விழுந்திருக்கும். அவர் ஆதரவாகக் கையுயர்த்தவில்லை, தடுக்கவும் இல்லை. நீங்களும் மகனும் உங்கள் வீட்டில் பேசிக்கொள்வதை அவர் ஒரு நாடாளுமன்றத்தில் தனியாக உட்கார்ந்து நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

அந்தச் சட்டம் ஒரு பெண் எந்த வேளையிலும், ஒப்புக்கொண்ட பிறகும்கூட, மாட்டேன் என்று சொல்லலாம் என்று எழுதிவைத்தது. 18 வயதுக்குக் குறைந்தவரைப் பயன்படுத்துவது குற்றமாகவே இருந்தது. தொழிலை விட்டு வருகிறவளுக்கு அரச உதவியை அதைக் காட்டி மறுக்கக் கூடாது என்றது. 2007இல் வெளியான ஆய்வில் 772 பேரிடம் கேட்டபோது, வேண்டாத வாடிக்கையாளரை மறுப்பது முன்னைவிட இலகுவாகியிருக்கிறது என்று 60 வீதத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். 2014இல் ஒரு பெண் தன் விடுதி முதலாளி பாலியல் தொந்தரவு செய்தார் என்று மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போய் 25,000 நியூசிலாந்து டொலர் இழப்பீடு பெற்றாள். நான் சொன்ன அந்தக் கூண்டையும் இந்தத் தீர்ப்பாயத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழில் ஒன்றுதான். ஒருத்தி முறைப்பாடு செய்யலாம், மற்றவள் செய்ய முடியாது.

அங்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. தற்காலிக விசாவில் வந்த வெளிநாட்டுப் பெண்களுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. ஆகவே அவர்கள் மீதான சுரண்டல் தொடர்கிறது. களங்கம் இன்னும் இருக்கிறது என்பதைச் சட்டத்தை மீளாய்வு செய்த குழுவே 2008இல் எழுதியது. முறையிட வழி பிறந்தது, பேச்சு குறையவில்லை.

ஜெர்மனி 2002இல் இதை ஒரு தொழிலாக ஏற்று, வேலை ஒப்பந்தம், காப்புறுதி எல்லாம் கிடைக்கும் என்றது. ஐந்து வருடம் கழித்து அரசே பார்த்தபோது ஒப்பந்தம் செய்தவர்கள் ஒரு வீதமளவில்தான். 2017இல் கட்டாயப் பதிவு வந்தது. 2022 முடிவில் பதிவில் இருந்தவர்கள் சுமார் 28,000 பேர். அவர்களில் ஜெர்மன் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சப்பேரில் பலர் ருமேனியா, பல்கேரியா போன்ற ஏழை நாடுகளிலிருந்து வந்தவர்கள். பதிவேட்டில் பெயர் வந்தால் ஊரில் தெரிந்துவிடும் என்ற பயம் அங்கேயும் உண்டு. எனவே பலர் பதிவுக்கு வெளியே நிற்கிறார்கள், அதாவது மறுபடியும் இருட்டில். விபச்சாரம் சட்டபூர்வமான நாடுகளுக்குள் ஆட்கடத்தல் சராசரியாக அதிகம் பதிவாகிறது என்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் தரவை வைத்து 2013இல் ஓர் ஆய்வு சொன்னது. பதிவாகும் எண்ணிக்கை பொலிஸின் அக்கறையையும் பொறுத்தது என்பதால் அதைக் கடைசி வார்த்தையாக நான் எடுக்கவில்லை. ஆனால் விடுதி முதலாளிக்கு உரிமம் கொடுப்பதால் பெண்ணுக்குச் சுதந்திரம் வந்துவிடாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

பதிவேடு என்பது நமக்கும் புதிதில்லை. 1867இல் பிரித்தானியர் இலங்கையில் தொற்றுநோய்க் கட்டளைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விலைமாதரைப் பதிவுசெய்து, கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தி, நோய் இருந்தால் ஆஸ்பத்திரியில் அடைத்துவைத்தார்கள். நோக்கம் பெண்ணின் நலன் இல்லை, சிப்பாய்களுக்கு நோய் வராமல் பார்ப்பது. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் என்ற பெண்மணி இதே வகைச் சட்டத்துக்கு எதிராகப் பல வருடம் போராடினார். 1886இல் அங்கு அது நீக்கப்பட்டது. அந்தச் சிந்தனையின் எச்சம்தான் இன்றும் அவளுக்கு மட்டும் கொடுக்கப்படும் அந்தப் பரிசோதனைக் கடிதம்.

இந்தியாவில் ஒரு கொலை வழக்கு வேறொரு கதவைத் திறந்தது. 1999இல் கொல்கத்தாவில் ஒரு பெண் அடித்துக் கொல்லப்பட்டாள். கொன்றவனின் மேன்முறையீட்டை 2011இல் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், அத்தோடு கோப்பை மூடாமல், இந்தப் பெண்கள் கண்ணியமாக வாழ என்ன செய்யலாம் என்று தானாகவே விசாரிக்கத் தொடங்கியது. 2022 மே 19இல் நீதியரசர் நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு, நிபுணர் குழுவின் பரிந்துரைகளைப் பதிவுசெய்து, அவற்றில் சிலவற்றை நடைமுறைப்படுத்தப் பணித்தது. குழுவின் பரிந்துரைகள் இவை. வயதுவந்து, சொந்தச் சம்மதத்தோடு இருப்பவளைக் கைதுசெய்யவோ துன்புறுத்தவோ கூடாது. தொழிலைக் காரணம் காட்டித் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கக் கூடாது. வல்லுறவுக்கு உள்ளானால் மற்றப் பெண்களுக்குக் கிடைக்கும் மருத்துவ உதவி அவளுக்கும் கிடைக்க வேண்டும். விடுதி நடத்துவது அங்கே இன்னமும் குற்றம்தான். விடுதியை அனுமதிக்காமலே பெண்ணை விட்டுவிட முடியும் என்பதற்கு இது பக்கத்து வீட்டு உதாரணம்.

இனி நம் ஊருக்கு மிக நெருக்கமாகத் தைக்கும் கதைக்கு வருகிறேன்.

பங்களாதேஷில் பத்மா நதிக்கரையில் தௌலத்தியா என்ற இடம். படகுத்துறை, லொறி வரிசை, பக்கத்தில் தகரக் கொட்டில்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கும் விடுதிக் குடியிருப்பு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த நாட்டில் 2000ஆம் ஆண்டின் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னர் இது சட்டபூர்வம். உங்கள் மகன் கேட்கும் "சட்டபூர்வம்" அங்கே இருக்கிறது. அதோடு, 18 வயதாகாத பிள்ளைகளுக்கு வயது கூட்டிச் சத்தியக்கடதாசி முடிப்பதும் இருக்கிறது. கடனுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, கடன் தீரும்வரை உழைப்பில் ஒரு சதமும் கையில் காணாத பெண்கள் இருக்கிறார்கள். மெலிந்த பிள்ளைகள் கொழுத்துப் பெரியவர்களாகத் தெரிய, மாட்டைக் கொழுக்கவைக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுக்கிறார்கள்.

அவமானமோ சாவுக்குப் பிறகும் தொடர்ந்தது. 2020 வரை அங்கே ஒரு பெண் மௌத்தானால் ஜனாஸா தொழுகை இல்லை. இரவோடு இரவாக ஆற்றில் விடுவார்கள், அல்லது அடையாளமில்லாமல் எங்காவது புதைப்பார்கள். சட்டபூர்வமாகி இருபது வருடம் கழித்தும் அப்படித்தான். 2020 பெப்ரவரியில் 65 வயதான ஒரு பெண் இறந்தபோது, உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரி ஒருவர் இமாமிடம் போய்ப் பேசினார். இமாம் முதலில் தயங்கினார். "இவளுக்கு ஜனாஸா தொழக் கூடாது என்று எந்த மார்க்கத் தடை இருக்கிறது?" என்று கேட்டபோது அவரிடம் பதில் இருக்கவில்லை. தொழுகை நடந்தது. இருநூறு பேரளவில் வந்து நின்றார்கள். பிறகு விமர்சனம் வந்தது உண்மை. ஆனால் அந்த ஒரு தொழுகையில் அவிழ்ந்த முடிச்சு, இருபது வருடச் சட்டத்தால் அவிழாமல் கிடந்தது.

உங்கள் கேள்வியின் அடிவேர் மார்க்கம் என்பதால் அதையும் சொல்ல வேண்டும். நான் ஆலிமா அல்ல, சட்டத்தரணி. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே நினைவூட்டுகிறேன். சூரத்துந் நூர் ஸினாவைக் கடுமையாகத் தடுக்கிறது. அதே சூரா, நான்கு சாட்சி இல்லாமல் ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியவனுக்கு எண்பது கசையடி என்கிறது. அதே சூராவின் 33ஆம் வசனம், அடிமைப் பெண்களை விபச்சாரத்துக்கு நிர்ப்பந்திப்பதைத் தடுத்து, நிர்ப்பந்திக்கப்பட்டவளுக்கு இறைவனின் மன்னிப்பைச் சொல்கிறது. தாகித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்த ஒரு விபச்சாரியின் பாவம் மன்னிக்கப்பட்டதைப் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் சொல்கிறது. அப்படியானால் பேஸ்புக்கில் அந்தப் படத்தைத் தட்டிவிட்ட ஒவ்வொரு விரலும் என்ன செய்தது? அதை ஜும்ஆவில் யாராவது கேட்டார்களா?

நாட்டுச் சட்டம் தண்டிக்காத எத்தனையோ விடயம் நமக்கு ஹராம்தான். வட்டி ஹராம், வங்கி திறந்திருக்கிறது. புறம் பேசுவது ஹராம், அதற்கு வழக்கில்லை. ஒரு பெண்ணைச் சிறையில் போடாமல் விடுவதால் அவள் செய்தது ஹலால் ஆகிவிடாது. உங்கள் ஈமானில் ஒரு எழுத்தையும் நீங்கள் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. இதை மகனிடமும் சொல்லுங்கள். அவன் கேட்க வேண்டியது விடுதிக்கு உரிமம் அல்ல, அவள் தலைக்குமேல் தொங்கும் 1841ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுப்பது.

இன்னொன்றையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அவள் அங்கே போனது ஆசைக்கா? கடனுக்கு. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் நிபுணர் ஹுவான் பப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வசூலிக்க வருபவர்கள் பெண்களிடம் பாலியல் இலஞ்சம் கேட்பதையே பதிவுசெய்தார். 2022 நெருக்கடியில் கட்டுநாயக்கவிலும் மற்ற இடங்களிலும் கார்மென்ட் வேலை இழந்த பெண்கள் இந்தத் தொழிலுக்குள் தள்ளப்பட்டதை ஸ்டாண்ட் அப் மூவ்மென்ட் லங்கா அமைப்பு அப்போதே எடுத்துச் சொன்னது. எந்தச் சட்டம் வந்தாலும், சம்மதம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கடன் அட்டை இருக்குமானால் அந்தச் சம்மதம் முழுச் சம்மதமில்லை. ஆகவேதான் தண்டனை நீக்கத்தோடு கடன் நிவாரணமும், தாபரிப்பும், வேலையும் சேர்ந்து வர வேண்டும் என்கிறேன்.

இனி அந்தப் பிள்ளைக்கு நீங்கள் செய்யக்கூடியவை.

முதலில் வழக்கு. அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் மேன்முறையீட்டு உரிமை மிகக் குறுகியது, அதற்குத் தவணையும் 14 நாள்தான். அது கடந்திருந்தாலும், தெரியாத மொழியில் கையெழுத்து வாங்கியது போன்ற காரணம் இருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம். காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

கைதின்போது அடித்திருந்தால், படமெடுத்து வெளியே விட்டது அதிகாரி ஒருவர்தான் என்றால், ஆண் பொலிஸ் உடலைச் சோதித்திருந்தால், அது அடிப்படை உரிமைப் பிரச்சினை. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. உச்ச நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது. கல்முனையில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. நாளைக்கே போங்கள்.

அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போனவர் யார், என்ன வேலை என்று சொன்னார், தேசிய அடையாள அட்டையை வாங்கி வைத்திருந்தாரா என்று மெதுவாகக் கேளுங்கள். ஏமாற்றிக் கொண்டுபோய் அடைத்துவைத்திருந்தால் அவள் சந்தேகநபர் இல்லை, ஆட்கடத்தலுக்கு உள்ளானவள். தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவில் அந்த ஆளுக்கு இருபது வருடம் வரை சிறை உண்டு. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புத் தருகிறது.

நாலு வருடமாகப் பிள்ளைக்கு ஒரு சதமும் தராத வாப்பாவை ஊர் எங்கே வைத்திருக்கிறது? அவர் பெயரில் எந்தப் படமும் சுற்றவில்லை. காழி நீதிமன்றத்தில் பிள்ளைத் தாபரிப்புக் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். அது அவளுடைய மகளின் உரிமை. கடன் வசூலிக்க வருபவன் தவறாகப் பேசினால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் பாலியல் தொந்தரவு, ஐந்து வருடம் வரை சிறை. பெண்களுக்கான 1938, பிள்ளைகளுக்கான 1929 என்ற இரண்டு உதவித் தொலைபேசி இலக்கங்களையும் எழுதிக் கொடுங்கள். உடல்நலம் பற்றிய பயம் இருந்தால், அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாக, பெயர் வெளிவராமல் பார்ப்பார்கள். போவதும் போகாததும் அவள் விருப்பம். யாரும் கடிதம் எழுதி அனுப்பத் தேவையில்லை.

மத்ரஸா விடயம் உங்கள் கையில் இருக்கிறது. எத்தனையோ மௌலவிமார் உங்களிடம் "அ" படித்தவர்களாக இருப்பார்கள். அந்த உஸ்தாதிடம் போய், பட்டம் சொல்லும் பிள்ளைகளை உட்காரவைத்து அந்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவளின் ஹதீஸைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிடம், அந்தப் படத்தைப் பரப்புவது பற்றி ஒரு ஜும்ஆவில் பேசக் கேளுங்கள். பெண் சொன்னால் கேட்பார்களா என்று யோசிக்காதீர்கள். டீச்சர் சொன்னால் கேட்பார்கள்.

சட்டம் மாறக் காலம் எடுக்கும். 1841ஐ எடுக்கச் சொல்லி நானும் என்னைப் போன்றவர்களும் எழுதிக்கொண்டும் வாதாடிக்கொண்டும் இருப்போம். ஆனால் கலியாண வீட்டுச் சஹனுக்கு நாடாளுமன்றம் தேவையில்லை. அடுத்த கலியாணத்துக்கு அந்தப் பிள்ளையையும் மகளையும் உங்கள் வீட்டிலிருந்தே கூட்டிக்கொண்டு போங்கள். சஹன் வைத்ததும் அவள் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். ஒரு சஹனுக்கு ஆறு பேர். நீங்கள், அவள், மகள் என்று மூன்று பேர் ஆயிற்று. மிச்சம் மூன்று பேரும் உங்களிடம் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள்.